ராஸ்பெர்ரி: பறிப்பதிலிருந்து பச்சடி வரை

ஸ்காட்லாந்தில் இருக்கும் டண்டீக்குக் குடிவந்த முதல் வருடம், வாங்கிய ராஸ்பெர்ரியில் பாதியைக் குப்பையில்தான் கொட்டினேன். செவ்வாய்க்கிழமை வாங்குவேன், வியாழக்கிழமை ஃபிரிட்ஜைத் திறந்தால் டப்பாவின் அடியில் சாம்பல் நிறத்தில் மயிர் மயிராகப் பூஞ்சணம் பூத்திருக்கும். இந்தப் பழத்தைப் பற்றி யார் எழுதினாலும் அது புற்றுநோயைத் தடுக்கும், தொப்பையைக் கரைக்கும் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டே நாளில் அழுகுகிற பழத்தை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது, தினம் அரைக் கப்பாவது வயிற்றுக்குள் போகிற மாதிரி என்ன செய்வது என்று சொல்பவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ஏழு வருடமாக ராஸ்பெர்ரி விளையும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன், அந்தத் தைரியம்தான்.

முதலில் பழத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

போன வருடம் ஜூலையில் திருச்சியிலிருந்து வந்த அம்மாவை பிளேர்கௌரி பக்கம் ஒரு பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போய் நாமே பறித்து, எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டு வரலாம். அம்மா முதல் பழத்தைப் பிடித்து லேசாக இழுத்தார், கையோடு வந்துவிட்டது. செடியில் வெள்ளையாக ஒரு கூம்பு மட்டும் நின்றது. பழத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு "என்னடா இது, உள்ளே ஒண்ணுமே இல்லையே" என்றார். அப்புறம் அதைச் சுண்டுவிரலில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

அந்த ஓட்டைதான் இந்தப் பழத்தின் அடையாளம். பிளாக்பெர்ரியைப் பறித்தால் நடுத்தண்டும் பழத்தோடு சேர்ந்து வரும், ராஸ்பெர்ரியில் தண்டு செடியிலேயே தங்கிவிடும். ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. ஒரு பழம் என்று நாம் சொல்வது உண்மையில் ஏறக்குறைய நூறு குட்டிப் பழங்கள் ஒட்டிய கொத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. நடுவில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாததால் லேசாக அழுத்தினாலே நசுங்கும், நசுங்கிய இடத்தில் சாறு கசியும், சாறு கசிந்த இடத்தில் பூஞ்சணம் வரும். இரண்டு நாளில் கெட்டுப்போவதற்கும், நான் பின்னால் சொல்லப் போகும் நார்ச்சத்துக்கும், இரண்டுக்கும் காரணம் இந்தக் கட்டமைப்புதான்.

ஆங்கிலத்தில் raspberry என்று எழுதினாலும் பேச்சில் நடுவிலுள்ள 'p' காணாமல் போய்விடும். ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் சுருக்கி 'ராஸ்ப்ஸ்' என்பார்கள்.

உடம்புக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது

100 கிராம் பழத்தில் 52 கலோரி, 6.5 கிராம் நார்ச்சத்து, சர்க்கரை 4.4 கிராம்தான், வைட்டமின் சி சுமார் 26 மில்லிகிராம். கொஞ்சம் மாங்கனீசும் உண்டு. மீதி பெரும்பாலும் தண்ணீர்.

இதில் பார்க்க வேண்டியது நார்ச்சத்தையும் சர்க்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. நாம் தினம் சாப்பிடும் பழங்களில் சர்க்கரைதான் அதிகம் இருக்கும், நார் அதில் ஒரு சின்னப் பங்கு. மாம்பழத்தில் 100 கிராமுக்குச் சர்க்கரை 14 கிராம் அளவில், நார் 1.6 கிராம். வாழைப்பழத்தில் 12-க்கு 2.6. ராஸ்பெர்ரியில் சர்க்கரையைவிட நார் அதிகம்! பிரிட்டனில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று சொல்கிறார்கள், ஒரு கப் ராஸ்பெர்ரியில் (சுமார் 123 கிராம்) 8 கிராம் கிடைத்துவிடுகிறது. இட்லி, தோசை, வெள்ளைச் சோறு என்றே ஓடுகிற நம் வீடுகளில் இந்த 8 கிராம் பெரிய விஷயம். மலச்சிக்கல் இருப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியலாம்.

அந்த நாரில் நல்ல பங்கு விதைகளில்தான் இருக்கிறது. பல்லில் மாட்டுகிறது என்று வடிகட்டிச் சாறு மட்டும் குடித்தால், காசு கொடுத்து வாங்கியதில் உருப்படியானதை சிங்க்கில் ஊற்றிவிட்டு நிறத்தைக் குடிப்பதாகத்தான் அர்த்தம்.

சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா என்று அம்மாவே கேட்டார், அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. அளவோடு சாப்பிடலாம், பழங்களுக்குள் இது நல்ல தேர்வு. சிகாகோவில் உள்ள இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களுக்கு மாவுச்சத்து மிகுந்த காலை உணவோடு ராஸ்பெர்ரி கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் உடம்பு சுரக்க வேண்டியிருந்த இன்சுலின் குறைந்தது. ஆனால் அது முப்பது பேர் சொச்சத்தை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது மடத்தனம்.

சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. அதோடு எல்லாகிடானின் என்று ஒரு வகைச் சேர்மமும் இதில் நிறைய இருக்கிறது. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்து யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றுகின்றன. ஆனால் எல்லோர் குடலிலும் அந்த பாக்டீரியாக்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை, அதனால் ஒரே பழத்தைச் சாப்பிட்டாலும் ஆளுக்கு ஆள் பலன் மாறும். இதய நோய், புற்றுநோய் என்று பேசுகிற பெரிய பேச்சில் பெரும்பகுதி சோதனைக்குழாயிலும் எலியிலும் பார்த்ததுதான், மனிதர்களிடம் நிரூபணமானது இல்லை.

'ராஸ்பெர்ரி கீட்டோன்' மாத்திரை விற்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழத்துக்கு மணம் கொடுக்கும் பொருள்தான் அது. ஒரு கிலோ பழத்தில் 1 முதல் 4 மில்லிகிராம்வரை இருக்கும். மாத்திரையிலோ 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் போடுகிறார்கள். பழத்திலிருந்து அந்த 100 மில்லிகிராம் கிடைக்க வேண்டுமென்றால் குறைந்தது 25 கிலோ தின்ன வேண்டும். அதனால் பழத்திலிருந்து எடுத்தது என்று நம்பாதீர்கள், பொதுவாக ஆலையில் செயற்கையாகத் தயாரிப்பதுதான். அதைத் தனியாகச் சாப்பிட்டு மனிதர்கள் இளைத்ததற்கு நல்ல ஆதாரமும் கிடையாது. வாங்காதீர்கள்.

இன்னொன்று, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு. விமானத்தில் வந்த ராஸ்பெர்ரியை யானை விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கொய்யாவில் 100 கிராமுக்கு நார் 5 கிராமுக்கு மேல், வைட்டமின் சி 200 மில்லிகிராமைத் தாண்டும். விதையோடு மென்று தின்னுங்கள், போதும். ராஸ்பெர்ரி அது மலிவாகக் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு.

வாங்கும்போதும் பறிக்கும்போதும்

கடையில் டப்பாவை எடுத்ததும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மேலே இருப்பதெல்லாம் அழகாகத்தான் இருக்கும், கதை அடியில்தான் தெரியும். அடியில் போட்டிருக்கும் தாள் ஈரமாகச் சிவந்திருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மூடியின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலும் வேண்டாம்.

மாம்பழத்தை வைக்கோலில் வைத்துப் பழுக்கவைப்பது போல இதை வீட்டில் வைத்துப் பழுக்கவைக்க முடியாது. பறித்த பிறகு பழம் இன்னும் மெத்தென்றாகும், நிறம் கொஞ்சம் கூடலாம், இனிப்பு கூடாது. அதனால் வெளிறிய பழம் வெளிறிய பழம்தான்.

ஸ்காட்லாந்தில் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட்வரை சீசன், இலையுதிர்கால ரகங்கள் அக்டோபர்வரை வரும். பெர்த்ஷயர், ஆங்கஸ், ஃபைஃப் பகுதிகளில் இப்போது பெரும்பாலும் பாலிதீன் கூடாரத்துக்குள்தான் வளர்க்கிறார்கள், மழை பட்டால் பழம் போய்விடும். டண்டீயை ஒட்டிய இன்வர்கௌரியில் இருக்கும் ஜேம்ஸ் ஹட்டன் ஆய்வு நிறுவனமும் அதற்கு முன் அதே இடத்தில் இருந்த ஆய்வு நிலையமும்தான் 'கிளென்' என்று பெயர் தொடங்கும் ரகங்களை உருவாக்கின. கிளென் ஆம்பிள் என்ற ரகம் கிடைத்தால் விடாதீர்கள், பழம் பெரிது, செடியில் முள்ளும் கிடையாது.

பறிக்கப் போகிறவர்களுக்கு இரண்டே விஷயம். இழுத்தால் தானாக வர வேண்டும், தண்டைவிட்டு வர அடம்பிடிக்கிற பழம் இன்னும் பழுக்கவில்லை. ஆழமான வாளியில் குவிக்காதீர்கள், மேலே உள்ள பழத்தின் எடையிலேயே கீழே உள்ளது கூழாகிவிடும். இரண்டு, மூன்று அடுக்குக்கு மேல் போகாத தட்டையான டப்பா எடுத்துக்கொண்டு போங்கள். வெயில் ஏறும் முன் காலையில் போவது நல்லது. (பறித்துக்கொண்டே தின்னலாம் என்று பண்ணையில் சொன்னார்கள் என்பதற்காக முதல் தடவை நான் முக்கால் கிலோவுக்குக் குறையாமல் உள்ளே தள்ளிவிட்டு, திரும்பி வருகிற வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. நார்ச்சத்தைப் பழக்கம் இல்லாத வயிற்றுக்கு மெதுவாகத்தான் அறிமுகப்படுத்த வேண்டும், கால் கப்பில் ஆரம்பியுங்கள்.)

வீட்டுக்குக் கொண்டுவந்ததும்

பையை வைத்ததும் இந்த வேலையை முடித்துவிடுங்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் போச்சு.

முதலில் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி, நசுங்கியதையும் பூஞ்சணம் தொட்டதையும் பொறுக்குங்கள். நசுங்கியதை உடனே தின்றுவிடலாம். பூஞ்சணம் பிடித்ததையும் அதை ஒட்டிக் கிடந்ததையும் தூக்கி எறியுங்கள்.

அடுத்து, இன்றைக்கே தின்னப் போவதை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். மீதியை அலசாமல் வையுங்கள். ஈரம்தான் இதற்கு எமன்.

நாலைந்து நாள் வைத்தே ஆக வேண்டும் என்றால் வினிகர் குளியல் கொடுங்கள். ஒரு கப் வெள்ளை வினிகருக்கு மூன்று கப் தண்ணீர். அதில் பழத்தைப் போட்டு ஒரு நிமிடம் கையால் மெதுவாக அளைந்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலசி, துணியிலோ டிஷ்யூ தாளிலோ பரப்பி முழுசாகக் காயவிடுங்கள். இந்தக் காயவைப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் அலசாமல் வைத்ததைவிட மோசமாகப் போகும். காய்ந்ததும் தாள் விரித்த டப்பாவில் ஒரே அடுக்காக, மூடியை இறுக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். வினிகர் வாசனை தங்காது.

தோட்டத்துப் பழமாக இருந்தால் சில சமயம் உள்ளே வெள்ளையாக ஒரு சின்னப் புழு நெளியும். ராஸ்பெர்ரி வண்டின் குஞ்சு அது, விஷமெல்லாம் இல்லை. உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் வெளியே வந்துவிடும். நல்ல வேளை, அம்மா அதைப் பார்க்கவில்லை.

உறையவைத்தது மட்டமில்லை

ஃப்ரீசர் பழம் என்றால் இரண்டாந்தரம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தேவையே இல்லை. நன்றாகப் பழுத்த பிறகு பறித்து உடனே உறையவைப்பதால் நாரும் சத்தும் பெரிதாகக் குறையாது, உருவம் மட்டும்தான் போகும். விலையும் புதுப்பழத்தைவிடக் குறைவு. வருடம் முழுக்கச் சாப்பிட வேண்டுமென்றால் இதுதான் வழி.

வீட்டில் உறையவைக்கும்போது தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, இரண்டு மூன்று மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கல்லான பிறகு பையில் போடுங்கள். நேராகப் பையில் போட்டால் செங்கல்தான் கிடைக்கும்.

கடையில் வாங்கிய உறைந்த பழத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. இறக்குமதியான உறைந்த பெர்ரிகளால், வாந்திபேதி வரவைக்கும் நோரோவைரஸும் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ-யும் பரவிய சம்பவங்கள் ஐரோப்பாவில் நடந்திருக்கின்றன. உறையவைத்தால் வைரஸ் சாகாது. அதனால் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவற்றை ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுச் சாப்பிடச் சொல்கிறது. நானும் ஒரு கிண்ணத்தில் போட்டு, குமிழ்விட்டுக் கொதிக்கும்வரை சூடாக்கி, மேலும் ஒரு நிமிடம் விட்டு, ஆறவைத்துத்தான் தயிரில் கலக்கிறேன். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் உள்ள வீட்டில் இதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள்.

எதில் சேர்த்துச் சாப்பிடுவது

தினப்படிக்கு என் வீட்டில் ஓட்ஸ் கஞ்சிதான். கஞ்சி வெந்து அடுப்பை அணைத்ததும் அரைக் கப் பழத்தைப் போட்டு இரண்டு கிளறு கிளறினால் கஞ்சி இளஞ்சிவப்பாகும், சர்க்கரை போடத் தேவையில்லை. ஒரே ஒரு விஷயம், பாலில் வைத்த கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போதே போடாதீர்கள், பழம் புளிப்பு என்பதால் பால் திரிந்துவிடும். கெட்டித் தயிரில் போட்டால் அந்தக் கவலை இல்லை.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை வைத்து 'கிரானகன்' என்று ஒன்று செய்வார்கள். வறுத்த ஓட்ஸ், க்ரீம், தேன், விஸ்கி, நடுநடுவே ராஸ்பெர்ரி. ருசியில் குறையே சொல்ல முடியாது, ஆரோக்கியம் என்ற பேச்சை மட்டும் அப்போது எடுக்காதீர்கள்.

நம் சமையலுக்கு இது நன்றாகவே ஒத்துப்போகிறது என்று அம்மா காட்டினார். இங்கே இருந்த ஆறு வாரத்தில் அவர் இதைப் பழமாகப் பார்க்கவே இல்லை, புளிக்குப் பதிலாகத்தான் பார்த்தார். முதலில் பச்சடி: ஒரு கப் கெட்டித் தயிரில் உப்பு போட்டு அடித்து, கடுகு, ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, பரிமாறுவதற்குச் சற்று முன்னால் அரைக் கப் பழத்தைப் போட்டு ஒரே ஒரு முறை கலக்க வேண்டும். தயிரில் சிவப்புக் கோடு கோடாக ஓடும். ரொம்பக் கலக்கினால் எல்லாம் ரோஸ் பவுடர் நிறமாகிவிடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது தொக்கு. 300 கிராம் பழம், உறைந்ததும் சரிதான். மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் பெருங்காயம், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், உடனே பழம், உப்பு. மிளகாய்த்தூள் கருகும் முன் பழம் விழ வேண்டும். முதலில் நிறைய தண்ணீர்விடும், பயப்படாதீர்கள். மிதமான தீயில் பதினைந்து நிமிடம் கிளறினால் சுருண்டு வரும். நெல்லிக்காய் அளவு வெல்லம், அரைத் தேக்கரண்டி வறுத்த வெந்தயப்பொடி போட்டு, எண்ணெய் பிரியும்போது இறக்குங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்புக்கு ஆகாது. ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். தயிர் சாதத்துக்கு இதைத் தொட்டுக்கொண்ட என் ஸ்காட்டிஷ் பக்கத்து வீட்டுக்காரர், இது ராஸ்பெர்ரிதான் என்று கடைசிவரை நம்பவே இல்லை.

ஜாம் செய்வது சுலபம். ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சைச் சாறு. பழத்தைச் சாறுவிடும்வரை சூடாக்கி, சர்க்கரையைச் சின்னத் தீயில் கரைத்து, பிறகு தளதளவென்று கொதிக்கவிடுங்கள். சாதாரணமாக 104, 105 டிகிரி செல்சியஸில் பதம் வரும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறியதும் விரலால் தள்ளுங்கள், மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கலாம். ஆனால் பாதிக்குப் பாதி சர்க்கரை இது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குப் பழத்தைச் சொன்னேன், ஜாமைச் சொல்லவில்லை.

சட்டையில் பட்டால்

உடனே சோப்புப் போடாதீர்கள். இந்தச் சாயம் சோப்பில் உள்ள காரம் (அல்கலி) பட்டால் நீலமாக மாறும், கறை இன்னும் அசிங்கமாகத் தெரியும். முதலில் துணியின் பின்பக்கமிருந்து குளிர்ந்த தண்ணீர்விட்டு அலசி, வினிகரோ எலுமிச்சையோ தடவிப் பத்து நிமிடம் வைத்து அலசுங்கள். சோப்பு அதற்கப்புறம்.

இலைத் தேநீர், மற்ற எச்சரிக்கைகள்

ராஸ்பெர்ரி இலையைக் காயவைத்துத் தேநீர் போடுவார்கள், பழ ருசி எதுவும் இருக்காது, துவர்ப்பான கட்டன்சாயா மாதிரி இருக்கும். பிரசவம் சுலபமாகும் என்று கடைசி மாதங்களில் குடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. 2001-ல் ஆஸ்திரேலியாவில் 192 பெண்களை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது பிரசவத்தின் முதல் கட்டம் ஒன்றும் குறையவில்லை. ஆரம்ப மாதங்களில் குடிக்கவே வேண்டாம், கடைசி மாதங்களிலும் டாக்டரிடமோ மருத்துவச்சியிடமோ கேட்காமல் வேண்டாம். பழத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, கர்ப்பிணிகள் அலசித் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவைப் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள், இதில் ஆக்சலேட் உண்டு.

வீட்டில் வளர்க்க

குளிர்காலம் இல்லாத ஊரில் இது காய்க்காது, அதனால் சென்னை மொட்டைமாடிக்கு ஆசைப்பட வேண்டாம். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் புதர்களில் மஞ்சளாகவும் கறுப்பாகவும் பழுக்கிற காட்டு ராஸ்பெர்ரிகள் இதன் சொந்தங்கள்தான். கறுப்பாகப் பழுப்பதற்கு 'மைசூர் ராஸ்பெர்ரி' என்றே பெயர் உண்டு. யாரோ கொண்டுபோய்விட்டு, இன்று கலாபகோஸ் தீவுகளில் அதுவே பெரிய தலைவலிக் களையாகிக் கிடக்கிறது.

பிரிட்டனில் இருப்பவர்கள் இலையுதிர்கால ரகத்தில் ஆரம்பியுங்கள், 'ஆட்டம் பிளிஸ்' போல. நவம்பர் முதல் மார்ச்சுக்குள் மண் உறையாத ஒரு நாளில், வேர் மட்டும் உள்ள குச்சியாக வாங்கி நட வேண்டும், பார்த்தால் விறகுக் குச்சி மாதிரிதான் இருக்கும். வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத மண், செடிக்குச் செடி ஒன்றரை அடி. பால்கனி என்றால் பெரிய தொட்டி.

கோடைக்கால ரகம் போன வருடம் வளர்ந்த குச்சியில்தான் காய்க்கும், அதனால் காய்த்து முடித்த குச்சியை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும், தவறான குச்சியை வெட்டினால் அடுத்த வருடம் ஒன்றும் கிடையாது. இலையுதிர்கால ரகம் அதே வருடம் முளைத்த குச்சியிலேயே காய்ப்பதால் இந்தக் குழப்பமே இல்லை. பிப்ரவரியில் எல்லாவற்றையும் தரையோடு தரையாக வெட்டிவிடலாம். நான் வெட்டுவதை வீடியோ காலில் பார்த்த அம்மா "அய்யோ, ஏண்டா நல்ல செடியைக் கொல்ற" என்று கத்தினார். ஏப்ரலில் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குப் பச்சைக் குருத்துகள் வந்ததும் படம் எடுத்து அனுப்பினேன். தொக்குக்கு வெந்தயத்தை இன்னும் கொஞ்சம் சிவக்க வறுக்கச் சொல்லிப் பதில் வந்தது.